பயனீட்டாளர் கேள்வி-பதில்: அகல லென்ஸ், ஆழமான இருட்டு

பத்துமலை மேல்குகையை முழுதாகப் பிடிக்க 10-18 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினேன். கூரைத் திறப்பு வெள்ளைத் திட்டாகவும் சந்நிதி கறுப்பாகவும் விழுகின்றன. லென்ஸ் பழுதா?
- வாசகர், செந்தூல்

பழுதில்லை. லென்ஸ் அகலமாக அகலமாக, வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்துக்குள் வந்து சேரும். அவ்வளவு வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்க சென்சாரால் முடியாது. முக்காலியில் வைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று ரா படங்கள் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்புகள்) எடுங்கள்: இயல்பாக ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது. பிராக்கெட்டிங் என்று கேமரா மெனுவில் தேடுங்கள். மூன்றையும் இணைக்கும் டார்க்டேபிள் மென்பொருள் இலவசம். இடையில் நடப்பவர்களும் குரங்குகளும் ஆவிகளாகப் பதிவார்கள். கூட்டம் குறைந்த காலையில் போங்கள். முக்காலியோடு 272 படி ஏறுவதுதான் கூடுதல் செலவு.

கேஎல்சிசி அருகே 30 ரிங்கிட்டுக்குக் கைப்பேசி கிளிப் லென்ஸ் வாங்கினேன். ஓரமெல்லாம் மங்கல். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

கிடைப்பது கடினம். உங்கள் கைப்பேசிக் கேமராவில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவே அகலக் கோணம்.

வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் காட்டும் என்று 'ஒரே சொடுக்கில் எச்டிஆர்' என்ற பிரிசெட் தொகுப்பை 150 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பினாங்கு சீனக் குலமண்டபமான கூ கொங்சியின் கூரையைச் சுற்றி வெள்ளை வளையம் வருகிறது.
- வாசகர், பட்டர்வொர்த்

இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். பிரிசெட் என்பது யாரோ ஒருவர் தன் படத்துக்கு நகர்த்திய ஸ்லைடர்களின் பதிவு. உங்கள் படத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் வாங்கிய தொகுப்பில் 'பொன்மாலை' என்று ஒன்று இருந்தது. நண்பகல் மசூதிக்கும் மஞ்சள் பூசியது. விற்பவர் காட்டும் 'முன்', 'பின்' படங்களில் 'முன்' படம் வேண்டுமென்றே சோகையாக இருக்கும். வளையத்துக்கு வருவோம். நிழலை ஏற்றி, வெளிச்சத்தை இறக்கி, விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டியையும் கடைசிவரை தள்ளினால் கூரை விளிம்பில் அது வந்தே தீரும். கிளாரிட்டியைப் பாதிக்கு மேல் குறையுங்கள். வானத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். கூரைக்கடியில் கொஞ்சம் இருட்டு இருக்கட்டும்; அங்கே இருட்டு உண்மையிலேயே இருந்தது.

இணையத்தில் 'உள்ளூர் உத்தரவாதம்' என்று நம்பி 2,400 ரிங்கிட் லென்ஸ் வாங்கினேன். இடப்பக்கம் எப்போதும் மங்கல். இது தங்கள் வழியாக வந்ததல்ல என்று லென்ஸ் நிறுவனத்தின் உள்ளூர் முகவர் கைவிரிக்கிறார். ஏழு நாள் கடந்துவிட்டது என்கிறார் விற்றவர்.
- வாசகி, ஜார்ஜ்டவுன்

நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அம்மா. ஏழு நாள் என்பது அவர் தானே எழுதிக்கொண்ட விதி. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கடை விதியால் அதைத் தள்ளிவிட முடியாது. விளம்பரப் பக்கம் மறைவதற்குள் அதைப் படம்பிடித்து வையுங்கள். ஒரு செங்கல் சுவரை நேருக்கு நேர் எடுத்து, இரண்டு ஓரங்களையும் ஒப்பிட்டுச் சான்றாக்குங்கள். பணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். கடை வவுச்சர் நீட்டினால் வாங்காதீர்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட், கோரும் தொகைக்கு வரம்பு 50,000 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. துணைக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

என் 14 மில்லிமீட்டர் லென்சின் முன்கண்ணாடி உருண்டையாக இருக்கிறது. மூன்று பில்டர் வாங்கினேன், ஒன்றும் பொருந்தவில்லை.
- வாசகர், செராஸ்

அந்த மாதிரி லென்சின் முன்பக்கத்தில் பில்டர் திருகும் மரையே கிடையாது. முதல் பில்டரிலேயே அது தெரிந்திருக்குமே, மற்ற இரண்டு எதற்கு?