விதைக்குள் நடப்பதைப் படிக்க விரும்பும் மகளுக்கு

வணக்கம் அம்மா. விதையில் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய வேண்டும் என்கிறாள் உங்கள் மகள். அதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்பது உங்கள் கவலை. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் வைக்கிற குடும்பம் உங்களுடையது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் சாய்ந்த பயிர் கதிரிலேயே முளைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் என்பதுதான் அவள் கேட்கும் கேள்வி.

விதை முற்றும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதில் கூடும். ஏபிஐ3 போன்ற தலைமை மரபணுக்கள் அதற்கு இசைந்து வேறு பல மரபணுக்களை முடுக்கிவிடும். சேமிப்புப் புரதம் சேரும், கரு காய்ந்தாலும் சாகாத திறன் பெறும், முளைப்பு தள்ளிப்போகும். மக்காச்சோளத்தில் இதற்கு இணையான விபி1 மரபணு பழுதானால் விதை கதிரிலேயே முளைக்கிறது. முளைத்தபின் இதே மரபணுக்களை அடக்கிவைக்கவும் செடிக்குள் தனி ஏற்பாடு உண்டு. ஆக, நல்ல கேள்வியைத்தான் பிடித்திருக்கிறாள்.

சரி, எங்கே சேர்ப்பது? படிப்பின் பெயரில் பயோடெக்னாலஜி இருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். என் யோசனை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நீட் தேவையில்லை. ஆராய்ச்சி ஆசை பிறகு தணிந்தாலும் டிஎன்பிஎஸ்சி வேளாண்மை அலுவலர் தேர்வு, விதைச்சான்றுத் துறை, ஹைதராபாத் பக்கத்து விதைக் கம்பெனிகள் என்று வழி இருக்கும். ஆசை தணியாவிட்டால் விதை அறிவியலிலோ தாவர உயிர்த்தொழில்நுட்பத்திலோ எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பிஎச்.டி. முடிக்கையில் அவளுக்கு 28 வயது ஆகியிருக்கும். ஆனால் அந்த வருடங்கள் முழுக்க உங்கள் கையைக் கடிக்காது. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி.

நான் தயங்குவது ஒரு விஷயத்தில்தான். எந்த மரபணு எந்த நாளில் எவ்வளவு இயங்கியது என்று கண்டுபிடிக்க இன்று ஆயிரக்கணக்கான மரபணுக்களின் தரவைக் கம்ப்யூட்டரில் அலச வேண்டும். புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் வராமல் இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது. விடுமுறையில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் அடிப்படையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கசந்தால் விண்ணப்பிக்கும் முன் அவளையே அழைத்து வாருங்கள், பேசுவோம்.