மாமியார் பெயரில் நாமினேஷன்: மனைவிக்கு பி.எஃப். பணம் கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். போன ஆவணியில், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். ஏழு வயதில் மகள் இருக்கிறாள். மாமியாரும் அவர் சம்பளத்தை நம்பி எங்களோடுதான் இருந்தார். பி.எஃப்.பில் 6 லட்சம் இருக்கிறதாம். கல்யாணத்துக்கு முன்பு மாமியாரை நாமினியாகப் போட்டவர், பிறகு மாற்றவே இல்லை. "முழுப் பணமும் அம்மாவுக்குத்தான், ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடு" என்கிறார் கொழுந்தனார். கணவர் வாங்கிய கடனுக்கும் இந்தப் பணத்தைக் கேட்டு ஆள் வருகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

1952-ம் வருடத்து பி.எஃப். திட்டத்தில் 61-வது பத்தி தெளிவாக இருக்கிறது: திருமணத்துக்கு முன் செய்த நாமினேஷன், திருமணம் ஆனதுமே செல்லாது. யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. நான் பி.எஃப். அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய படிவத்தில் வேறு பெயரைப் பார்த்ததும் தமக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்த பெண்களைக் கண்டிருக்கிறேன். நீங்கள் அப்படிப் போய்விடக் கூடாது.

செல்லுபடியாகும் நாமினேஷன் இல்லாதபோது 70-வது பத்தி வரும். பணம் குடும்பத்தாருக்குச் சம பங்கு. குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், அவரை நம்பி வாழ்ந்த பெற்றோர். கொழுந்தனார் அதில் வரவே மாட்டார். ஆனால் உங்கள் மாமியார் வருவார். ஆக உங்களுக்கு 2 லட்சம், மகளுக்கு 2 லட்சம், மாமியாருக்கு 2 லட்சம். மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்குச் சட்டம் கொடுக்கும் பங்கை மனதாரக் கொடுங்கள். அதற்கு மேல் விட்டுக்கொடுத்தால் போவது குழந்தையின் பணம்.

ஓய்வூதியம் தனி. விதவை ஓய்வூதியம் உங்களுக்கு மட்டும்தான். மாதம் குறைந்தது 1,000 ரூபாய். மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். அதில் 25 சதவீத அளவு மகளுக்கும் தனியாக, 25 வயது வரை வரும். இதை மாமியாரோடு பங்கு போட வேண்டியதில்லை.

இன்னொன்றைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால், பி.எஃப். உறுப்பினர்களுக்கான இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடு உண்டு, அதிகபட்சம் 7 லட்சம். பி.எஃப். பணம் போலவே இதுவும் மூன்று பங்காகும்.

கடன்காரர்களுக்குப் பதில் சுலபம்: பி.எஃப். சட்டம் 10-வது பிரிவுப்படி, உறுப்பினர் வாங்கிய கடனுக்காக இந்தத் தொகையை நீதிமன்ற உத்தரவு வாங்கி வந்தாலும் ஜப்தி செய்ய முடியாது.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்குக் கம்பெனியில் வேறு படிவம் இருக்கும். அதில், நாமினேஷன் செய்தபோது குடும்பம் இல்லாதவருக்குப் பிறகு குடும்பம் அமைந்தால்தான் பழைய பெயர் ரத்தாகும். அதனால் யார் பெயர் இருக்கிறது என்று எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால், இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மூன்று பேர் ஆதாரும் வங்கிக் கணக்கும் தயாராக இருக்கட்டும். மகளுக்கு இயற்கைக் காப்பாளர் நீங்கள்தான். அவள் பங்குக்கும் நீங்களே விண்ணப்பிக்கலாம். பி.எஃப்., ஓய்வூதியம், காப்பீடு மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் இருக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.