"எட்டு மாசமா யாரும் ஒண்ணுமே சொல்லல, அண்ணா"

தம்பி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து எட்டு மாதமாகியும் உன் வேலையைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் யாரும் சொல்லவில்லை, ஞாயிறு முழுக்கத் தூங்கியும் அசதி போகவில்லை, ஒருவேளை எனக்கு இந்த வேலை வராதோ என்று கேட்டிருந்தாய். நான் இப்போது விடுப்பில் ராயபுரத்தில், அம்மா வீட்டில் இருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நம்ம தெரு கேரம் கிளப்பில் ஒரு பொடியன் சிவப்பையும் ஃபாலோவையும் போட்டான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் முதுகில் தட்டினார்கள். தண்டையார்பேட்டையில் நீயும் அப்படித்தானே வளர்ந்திருப்பாய்? ஸ்டுட்கார்ட் பக்கத்து மக்களான ஸ்வாபியர்களிடம் ஒரு பழமொழியே உண்டு: திட்டாமல் இருந்தாலே போதுமான பாராட்டு. எனக்கு இது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அதற்குள் ஒரு நல்ல வார்த்தைக்காக, கேட்காத வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தேன். வார்த்தை வரவில்லை, இன்னும் கூடுதலாகச் செய்தேன். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு நாள் காலை ஷூ மாட்டக் குனிந்தவன் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் என்ற ஆய்வாளர் 1996இல் எழுதியது இதைப் பற்றித்தான்: போடும் உழைப்புக்கு ஈடாகச் சம்பளம், மதிப்பு, வேலை நிலைப்பு வராமலே போனால் உடம்பு கெடும். உழைப்பை ஏற்றிக்கொண்டே போய் அந்தப் பள்ளத்தை நானே ஆழமாக்கினேன். நீ அதைச் செய்யாதே.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை, தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் நோயாக இல்லாமல், வேலையிடம் சார்ந்த நிலையாகத்தான் சேர்த்தது. சக்தி வற்றுவது, வேலைமேல் வெறுப்பு, நம்மால் முடியவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளம். "எனக்கு வராதோ" என்கிறாயே, அது களைப்பு பேசுகிற பேச்சாகவும் இருக்கலாம், தம்பி. உன் திறமையை அதை வைத்து எடை போடாதே.

சரி, அவர்கள் வாயால் சொல்லாததை உன் கையில் என்ன ஒப்படைக்கிறார்கள் என்பதில் பார். புது மெஷினை உன்னை நம்பி விட்டிருக்கிறார்களா? அப்புறம், நேராகவே கேள். உன் வேலையைப் பற்றிய மதிப்பீட்டை உன்னிடம் பேசச் சொல்லிக் கேட்க அங்கே சட்டத்திலேயே உரிமை இருக்கிறது. தொழிலாளர் குழு, அதாவது பெட்ரீப்ஸ்ராட், இருந்தால் அதிலிருந்து ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். தூங்கியும் தீராத அசதிக்குக் குடும்ப டாக்டரை இந்த வாரமே பார்த்துவிடு, தள்ளிப் போடாதே.

மேலாளரிடம் பேசப் போகும் முன் எனக்கு போன் பண்ணு. ஜெர்மனில் அந்த இரண்டு வரியை எப்படிக் கேட்பது என்று சேர்ந்தே பழகிப் பார்ப்போம்.