“இது மக்களுக்குச் சொந்தமான மின்சாரம்” என்று ஒரு காற்றாலை நிறுவனம் ஆண்டறிக்கையில் சொல்கிறது. நம்பலாமா?

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். மில்லுக்கு நாலு காத்தாடி உண்டு. (எங்கள் பக்கம் பேச்சில் காற்றாலை கிடையாது, காத்தாடிதான்.) அதனால் கணக்குப்பிள்ளையாகத்தான் பதில் சொல்ல வரும்.

“இத்தனை மெகாவாட் நிறுவினோம்” என்ற பக்கத்தைத் தாண்டிப் போங்கள். வருடத்தில் எத்தனை யூனிட் வந்தது, அந்தப் பணம் யார் கணக்கில் ஏறியது, இந்த இரண்டும் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். 2006இல் சொந்தமாக 350 கிலோவாட் காத்தாடி வாங்கிய ஊராட்சி அது. விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். முன்னின்று செய்தவர் ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகம். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டிவந்த ஈபி பில்தான் இதற்கெல்லாம் தொடக்கம்.

ஒருமுறை ஊட்டி போகும் வழியில் அங்கே இறங்கி, டீக்கடையில் “காத்தாடி எங்கேங்க?” என்று கேட்டேன். “அது உடுமலைப் பக்கம் சுத்துதுங்க” என்றார் கடைக்காரர். உண்மைதான், அது நிற்பது மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கேதான் கிடைக்கும். மைவாடியில் யூனிட்டை மின்வாரியத்தின் கம்பியில் ஏற்றி, ஓடந்துறையின் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். வருடத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் வரும். ஊரின் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை வாரியத்துக்கு விற்ற காசில் கடனே அடைந்துவிட்டது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 350 கிலோவாட் இயந்திரம் வருடம் முழுக்க நிற்காமல் முழு வேகத்தில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வர வேண்டும். வருவது அதில் 22 சதவீதம்தான். இது குறையே இல்லை, நல்ல காத்தடிப்பு வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரைதான். ஆனால் மெகாவாட்டை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் அறிக்கை இதைச் சொல்லாது.

அப்புறம், “சொந்தம்” என்ற சொல். கோபன்ஹேகன் கடலோரத்தில் மிடல்குருண்டன் என்ற காற்றாலைப் பண்ணை இருக்கிறது. 20 காற்றாலைகள், 40 மெகாவாட். அதில் பாதி எட்டாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பங்கு வாங்கக் கையில் பணம் இருப்பவர்தான் உள்ளே வர முடியும். ஓடந்துறையில் காத்தாடியே ஊராட்சியின் சொத்து, ஒரு ரூபாய் போடாத குடும்பத்துக்கும் அதில் உரிமை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. நீங்கள் கேட்ட நிறுவனம் இதில் எந்த ரகம்? இரண்டும் இல்லாமல், கோயிலுக்கும் பள்ளிக்கும் நன்கொடை கொடுத்துவிட்டு “மக்கள் மின்சாரம்” என்கிறதா?

கடைசியாகப் பராமரிப்பு. எங்கள் காத்தாடி ஒன்றில் ஒரு ஆடி மாதம் கியர்பாக்ஸ் போனது. கிரேன் வந்து சேர மூன்று வாரம். கொட்டுகிற காத்தில் இறக்கை சும்மா நின்றது, அந்த வருட லாபமும் அதோடு போச்சு. மில்லுக்கு நூல் விற்ற காசு இருந்தது, சமாளித்தோம். ஒரே ஒரு காத்தாடி வைத்திருக்கும் ஊருக்கு அப்படி வேறு வரவு கிடையாது. அந்த அறிக்கையில் பழுதுக்கென்று எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.