பத்தாயிரத்தில் ஒரு பங்கு காந்தப்புலச் சிதைவு டோகாமாக்கின் வேக அயனிகளை உண்மையிலேயே வெளியேற்றிவிடுமா?

வெளியேற்றும், எல்லாவற்றையும் அல்ல. "இவ்வளவு சிறிய சிதைவுக்கு இத்தனை ஆய்வுக் கட்டுரைகளா?" என்று கேள்வியின் கீழே சேர்த்திருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் இயற்பியல் முதுகலை மாணவர் என்று வைத்துக்கொள்கிறேன். டோகாமாக் என்பது பிளாஸ்மாவை (அயனிகளும் எலக்ட்ரான்களுமான சூடான வாயுவை) காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவ அணுக்கரு இணைவுக் கருவி; பாடத்தில் அதைக் குறையில்லாத வளையமாகத்தான் வரைந்திருப்பார்கள்.

அந்தச் சீர்மைதான் துகளுக்குக் காவல். வளையத்தை எந்தப் பக்கம் வெட்டினாலும் புலம் ஒன்றுபோல் இருந்தால், துகளின் வளையத்திசைக் கோண உந்தம் மாறாது. (புலத்தின் பங்கும் சேர்ந்த உந்தத்தைச் சொல்கிறேன், திருத்த வருபவர்கள் பொறுத்தருள்க.) அது மாறாதவரை துகளால் தன் பாதையைவிட்டு வெகுதூரம் விலக முடியாது. சிதைவு வந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. வேக அயனி, அதாவது சுற்றியுள்ள துகள்களைவிட மிக அதிக ஆற்றல் கொண்ட அயனி, மற்றவற்றோடு அரிதாகவே மோதும் என்பதால், வேகம் தணிவதற்குள் வளையத்தைப் பல்லாயிரம் முறை சுற்றிவிடும். அதன் சுற்றும் சிதைவின் அலைவடிவமும் ஒத்திசைந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் தள்ளல் விழும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு அப்போது சிறிய எண் அல்ல.

ஆய்வு மாணவனாக இருந்தபோது நான் செய்த வேலையே இதுதான்: பிளாஸ்மாவின் விளிம்பில் வேண்டுமென்றே சிறு சிதைவை உண்டாக்கும் சுருள்களின் புலத்தில், கணினியில் அயனிகளை ஓடவிட்டு, எவை சுவரில் விழுகின்றன என்று பார்ப்பது. அமெரிக்காவின் டி-த்ரீ-டி டோகாமாக்கில், பிளாஸ்மா விளிம்பின் வெடிப்புகளை இத்தகைய சுருள்களால் அடக்கிக் காட்டிய முடிவு 2004இல் வெளியானது. பிரான்ஸில் எழும் ஐடிஇஆர் என்ற பன்னாட்டு இணைவு உலைக்கும் இதற்காக 27 சுருள்கள் திட்டமிடப்பட்டன. ஆனால் வெடிப்பை அடக்கும் அதே புலம், விளிம்பருகே பிறக்கும் வேக அயனிகளையும் தள்ளிவிடக்கூடும். முதலில் சுருள்களின் வெற்றிடப் புலத்தை, அதாவது பிளாஸ்மாவே இல்லாததுபோல் சுருள்கள் மட்டும் தரும் புலத்தை, கொடுத்துக் கணித்தேன். பிறகு பிளாஸ்மாவின் எதிர்வினையையும் சேர்த்தேன். சில இடங்களில் அது சிதைவை மறைத்தது, சில இடங்களில் பெருக்கியது; அயனிகள் சுவரைத் தொட்ட இடங்களே மாறிப்போயின. வெற்றிடப் புலத்தோடு நிற்கும் கட்டுரைகளை அன்று முதல் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

இந்தக் கணக்கை வைத்து நான் எழுதிய கட்டுரையை மதிப்பிட்டவர், மோதல்களையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டச் சொன்னார். கணினி வரிசையில் காத்துக் கிடந்து ஓட்டி அனுப்பினால், "எதிர்பார்த்த முடிவே" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எதிர்பார்த்தவர் முன்பே சொல்லியிருக்கலாம்! இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லைதான். எங்காவது சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது.

பீதியைக் கிளப்புகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வேக அயனியின் பாதை அகலமானது. நுண்ணிய கொந்தளிப்புகளின் மேடுபள்ளங்களை அது தன் சுற்றிலேயே சராசரியாக்கிவிடும். மையத்தில் இணைவு வினையால் பிறக்கும் 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா துகள்களில் (ஹீலியம் அணுக்கருக்களில்) பெரும்பாலானவை, நிலையான சிதைவு சிறிதாக இருக்கும்வரை தப்பாது. முறுக்கிய சுருள்களால் பிளாஸ்மாவை அடைக்கும் ஸ்டெல்லரேட்டர் என்ற கருவிக்காரர்களும் கோபிக்க வேண்டாம். வளையச் சீர்மையே இல்லாமல் துகள்களைப் பிடித்துவைக்கத்தானே அவர்கள் சுருள்களை அப்படி வளைக்கிறார்கள். டோகாமாக்கில் என் கவலை இழப்பின் மொத்த அளவைவிட, அது சுவரின் ஒரே இடத்தில் குவிந்து சூடேற்றுவதைப் பற்றித்தான்.

நீங்களும் கணக்குப் போட்டிருந்தால், அதில் வெற்றிடப் புலம் மட்டும்தானா, பிளாஸ்மாவின் எதிர்வினையும் உண்டா என்று எழுதுங்கள். அது தெரியாமல் உங்கள் எண்ணைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.