முகம் தெரியாதவர்களிடம் கிட்னி கேட்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தம்பிக்கு 31 வயது, வாரம் மூன்று டயாலிசிஸ். ரிப்போர்ட், போன் நம்பர் எல்லாம் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டோம். முன்பின் தெரியாத ஒருவர் கிட்னி தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

முதலில் அந்தச் செய்தியை எடுத்துவிடுங்கள், அனுப்பியவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். போன மாதம் ஓர் அம்மா தன் போனை என் மேசையில் வைத்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்: "டோனர் ரெடி, பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், அட்வான்ஸ் மட்டும் போடுங்க." தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் அனுப்பியிருக்கிறார், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள்தான் நெருங்கிய உறவு. மற்ற யார் கொடுத்தாலும், அது பாசத்தாலோ வேறு சிறப்புக் காரணத்தாலோதான் என்று அங்கீகாரக் குழுவின் முன் காட்ட வேண்டும். நேற்று போனில் அறிமுகமானவர் எதைக் காட்டுவார்? பணம் கைமாறினால் கொடுத்தவர், வாங்கியவர், புரோக்கர் எல்லாருக்கும் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

அதற்காக வெளியாள் உதவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியால் வாய்விட்டுக் கேட்க முடியாது, எந்த நோயாளியாலும் முடியாது. அவருடைய நண்பர் ஒருவர் உங்கள் சொந்தங்களிடம் உட்கார்ந்து, "டெஸ்ட் மட்டும் எடுத்துப் பாருங்க, வேண்டாம்னா எப்ப வேணா விலகிக்கலாம்" என்று பேசட்டும். பல வீடுகளில் டோனர் அப்படித்தான் கிடைத்திருக்கிறார்.

அப்பாவின் 20 வருட நண்பர் தர முன்வருகிறார். குழுவில் என்ன கேட்பார்கள்?

எப்படிப் பழக்கம் என்று கேட்பார்கள், சேர்ந்து எடுத்த பழைய போட்டோக்கள், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் கொண்டுபோங்கள். அவருடைய கடைசி மூன்று வருட வருமானக் கணக்கு கேட்பார்கள். அவர் மனைவிக்குத் தெரியுமா என்று அந்த மனைவியையே கூப்பிட்டு விசாரிப்பார்கள். பேட்டி வீடியோவில் பதிவாகும். தயவுசெய்து அவரை 'பெரியப்பா மகன்' என்று பொய்யாகக் காட்டாதீர்கள், அதனால் பயனும் இல்லை. பெரியப்பா மகன், சித்தப்பா, மாமா, மச்சான்கூட நெருங்கிய உறவுப் பட்டியலில் வராதவர்கள்தான், அவர்களும் இதே குழு முன் வரவேண்டியவர்கள்.

நான் ஏ குரூப், மனைவி பி. அவள் தரத் தயார், ஆனால் சேரவில்லையே?

முகம் தெரியாத குடும்பம் உண்மையிலேயே கைகொடுக்கக்கூடிய இடம் இதுதான். பி குரூப் கணவர், ஏ குரூப் மனைவி என்று எங்கோ ஒரு ஜோடி இதே கவலையில் இருப்பார்கள். உங்கள் மனைவி அவருக்கு, அவர் மனைவி உங்களுக்கு. அதே சட்டத்தின் 2011 திருத்தம் இதற்கு வழி செய்திருக்கிறது, ஆனால் இரண்டு ஜோடியும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். யாரும் நடுவில் பின்வாங்காதபடி அறுவை சிகிச்சைகளை ஒரே நேரத்தில் செய்வோம். உங்கள் மருத்துவமனையில் 'ஸ்வாப்' பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் சென்டரில் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் குரூப் என்னவென்று கேட்பதில் தவறே இல்லை. குரூப் சேராமலே மாற்றும் முறையும் உண்டு, செலவும் கிருமித் தொற்று பயமும் கூடுதல்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்தால், வீட்டில் டோனர் தேடக் கூடாதா?

தாராளமாகத் தேடலாம். தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் பட்டியலில் மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும், இன்றே பதியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் கிட்னி மாற்று அறுவை சிகிச்சை வரும், அதையும் கேளுங்கள்.

கணவருக்கு நான்தான் தர வேண்டும் என்கிறார்கள் மாமியார் வீட்டில். பயமாக இருக்கிறது, சொல்ல முடியவில்லை.

அம்மா, உங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்லி டாக்டரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ கேளுங்கள், கூட யாரும் வர வேண்டாம். "எனக்கு விருப்பமில்லை" என்ற ஒரு வார்த்தை போதும். காரணம் எதுவும் கேட்காமல், வீட்டாரிடம் "இவர் டோனராகப் பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவோம்.