கேள்வி – பதில்: காணாமல் போன கமிட்டுகளும் கசிந்த கடவுச்சொற்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியங்களைப் பற்றியவை. அப்படிப் பதியும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்; அதை சர்வருக்கு ஏற்றுவது புஷ், சர்வரில் உள்ளதை இறக்கிச் சேர்ப்பது புல். அவற்றுள் அவசரமாக விடை தேவைப்படுவனவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் அணியில் எட்டுப் பேர் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்கிறோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தம் பிராஞ்சை ரீபேஸ் செய்துவிட்டு (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் திரும்ப எழுதிவிட்டு), தவறுதலாக மெயின் பிராஞ்சின் மீது ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் ஏற்றுவது) செய்துவிட்டார். மற்ற மூவரின் கமிட்டுகள் இப்போது சர்வரில் இல்லை. அவற்றை மீட்க வழி உண்டா?
— அணித் தலைவர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் முழுமையாகவே மீட்டுவிடலாம். அதற்கு முதல் நிபந்தனை, அணியில் உள்ள எவரும் இப்போதைக்குப் புல் செய்யாமலும், எதையும் சுத்தப்படுத்த முயலாமலும், தத்தம் கணினியில் உள்ளதை அப்படியே விட்டுவைப்பதுதான். கிட்டைப் பொறுத்தவரை பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர் மட்டுமே. ஃபோர்ஸ் புஷ் அந்தப் பெயரை வேறொரு கமிட்டுக்கு நகர்த்துகிறதே தவிர, பழைய கமிட்டுகளை அந்த நொடியில் அழிப்பதில்லை. எந்தப் பெயரிலிருந்தும் எட்ட முடியாதவையாக அவை அங்கேயே கிடக்கும். கிட்டின் குப்பை அகற்றும் பணி ஓடும்போதுதான், அதுவும் உரிய கெடு கழிந்த பிறகுதான், அவை நீக்கப்படும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது, ஃபோர்ஸ் புஷ்ஷுக்கு முந்தைய நொடியில் மெயின் எந்தக் கமிட்டில் நின்றது என்பதைக் காட்டும் ஹாஷ் எண்ணை, அதாவது அந்தக் கமிட்டின் அடையாள எண்ணை, மட்டுமே. புஷ் செய்தவர் தம் டெர்மினல் சாளரத்தை இன்னும் மூடாதிருந்தால் அது அங்கேயே இருக்கும். கூட்டல் குறியோடு தொடங்கும் ஒரு வரியில் இரண்டு ஹாஷ்கள் மூன்று புள்ளிகளால் பிரிக்கப்பட்டு, வரியின் கடைசியில் ‘ஃபோர்ஸ்டு அப்டேட்’ என்று அச்சாகியிருக்கும். அவற்றில் இடப்பக்கம் இருப்பதே பழைய நிலை. சாளரம் மூடப்பட்டுவிட்டால், மெயினுக்குக் கடைசியாக புஷ்ஷோ புல்லோ செய்த ஊழியரின் கணினியில் ‘கிட் ரீஃப்லாக் ஷோ ஆரிஜின்/மெயின்’ என்ற கட்டளையை இடுங்கள். அவர் அதற்குப் பின் ஃபெட்ச் செய்திருந்தாலும் (சர்வரின் புதிய நிலையை இறக்கியிருந்தாலும்) கவலையில்லை; பெயர் நகர்ந்த ஒவ்வொரு முறையும் ரீஃப்லாக்கில் ஒரு வரி பதிவாகிறது. இயல்பான அமைப்பில் இப்பதிவுகள் 90 நாட்களும், எட்ட முடியாத கமிட்டுகளைப் பற்றியவை 30 நாட்களும் காக்கப்படுகின்றன. இது அவரவர் கணினியில் மட்டுமே இருக்கும் பதிவு என்பதையும், சர்வரில் உள்ள, வேலைக் கோப்புகள் இல்லாத ‘பேர்’ வகைக் களஞ்சியத்தில் யாரேனும் முன்கூட்டியே இயக்கி வைத்தாலன்றி இது இராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். களஞ்சியங்களை வைக்கும் இணையச் சேவையான கிட்ஹப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், களஞ்சியத்தின் ஆக்டிவிட்டி பக்கத்திலும் ஃபோர்ஸ் புஷ்கள் தனியே காட்டப்படும்.

ஹாஷ் கிடைத்ததும், அந்தக் கமிட் இருக்கும் கணினியில் அதிலிருந்து ஒரு புதிய பிராஞ்சை உருவாக்கி, அதை முதலில் சர்வருக்கு ஏற்றிவிடுங்கள். மெயினை உடனே தொட வேண்டாம். மூவரும் அந்தப் பிராஞ்சின் லாகைத் திறந்து, தத்தம் கமிட்டுகள் இருப்பதைத் தாமே உறுதி செய்த பிறகு, விபத்துக்குப் பின் எவராவது மெயினில் புதிதாக எதையும் சேர்த்திருந்தால் அதைச் செர்ரி-பிக் செய்து (அந்தக் கமிட்டை மட்டும் தனியே எடுத்து) மீட்புப் பிராஞ்சின் மேல் வைத்து, பின்னர் ஒரே ஒருவர் மட்டும் மெயினை அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

புதியவர் மீது குற்றம் சுமத்திக் கூட்டம் நடத்த வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். மெயினில் ஃபோர்ஸ் புஷ் செய்யும் உரிமை எல்லோருக்கும் திறந்திருந்ததே இங்குள்ள குறை. 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் திட்டத்தில், அனுபவம் மிக்க ஒருவரின் கணினியில் இருந்த ஒரு தவறான அமைப்பினால், நூற்றுக்கும் மேற்பட்ட களஞ்சியங்களின் பிராஞ்சுகள் பழைய நிலைக்குத் தள்ளப்பட்டன. கிட்ஹப் ஊழியர்களின் உதவியோடுதான் அவை மீட்கப்பட்டன. கிட்ஹப்பிலும் அதைப் போன்ற கிட்லேப்பிலும், ஃபோர்ஸ் புஷ்ஷைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட பிராஞ்ச் என்ற வசதி இருக்கிறது; மெயினுக்கு அதை இன்றே இயக்குங்கள். சொந்தப் பிராஞ்சுகளில் ஃபோர்ஸ் தவிர்க்க முடியாதபோது, ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ என்பதைப் பழக்கமாக்குங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலிருந்து சர்வர் மாறியிருந்தால் அது புஷ்ஷை மறுத்துவிடும். ஆனால் உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாகவே ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால், நீங்கள் பார்க்காததையும் பார்த்துவிட்டதாக கிட் எடுத்துக்கொள்ளும். அத்தகைய எடிட்டர்களில் தானியங்கி ஃபெட்ச்சை நிறுத்திவிடுவது நல்லது.

கேள்வி: டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்த ‘என்வ்’ கோப்பைத் தவறுதலாகப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டோம். அரை மணி நேரத்தில் அதை நீக்கி அடுத்த கமிட்டும் போட்டுவிட்டோம். இது போதுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: போதாது. நீங்கள் நீக்கியது கடைசி நிலையிலிருந்து மட்டுமே. முந்தைய கமிட்டைத் திறக்கும் எவருக்கும் அந்தக் கடவுச்சொல் அப்படியே தெரியும். இத்தகைய சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே பொதுக் களஞ்சியங்களை இடைவிடாது துழாவும் நிரல்கள் இயங்குவதால், அரை மணி நேரம் என்பது மிக நீண்ட காலம். வரலாற்றைத் துடைப்பது பிறகு நடக்கட்டும். இதைப் படித்து முடிப்பதற்குள் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழையதைக் கொண்டு யாரேனும் நுழைந்தார்களா என்று டேட்டாபேஸ் லாக்கையும் பாருங்கள். கசிந்தது கசிந்ததுதான் என்று கொண்டு அதைச் செல்லாததாக்குவதே உண்மையான தீர்வு. மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

வரலாற்றிலிருந்தும் நீக்க விரும்பினால் ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். பழைய ‘ஃபில்டர்-பிராஞ்ச்’ கட்டளையை கிட்டின் ஆவணமே இப்போது பரிந்துரைப்பதில்லை. இதைச் செய்யும்போது, அந்தக் கோப்பு சேர்ந்த இடத்திலிருந்து அடுத்து வரும் எல்லாக் கமிட்டுகளின் ஹாஷ்களும் மாறிவிடும் என்பதால், அணியினர் அனைவரும் பழைய பிரதிகளைக் கைவிட்டுப் புதிதாக குளோன் செய்ய (களஞ்சியம் முழுவதையும் இறக்க) வேண்டும். ஒரே ஒருவர் பழைய பிரதியிலிருந்து மெர்ஜ் செய்து புஷ் செய்தாலும், துடைத்த வரலாறு முழுவதும் திரும்பி வந்துவிடும். பிறர் தம் கணக்கில் எடுத்த ஃபோர்க்குகள், அதாவது தனிப் பிரதிகள், உங்கள் கைக்கு எட்டாதவை. கிட்ஹப்பில் பழைய ஹாஷை நேரடியாகக் கேட்டால் பக்கம் தொடர்ந்து திறக்கக்கூடும். அதை நீக்க அவர்களின் உதவிப் பிரிவுக்குத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோப்பின் பெயரை, கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் ‘கிட்-இக்னோர்’ பட்டியலில் சேர்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கும் கோப்பை அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது. ‘கிட் ஆர்எம்’ கட்டளையை ‘கேஷ்டு’ என்ற தெரிவோடு இட்டு, முதலில் அதைக் கண்காணிப்பிலிருந்து விலக்க வேண்டும்.

கேள்வி: கமிட் செய்ய முயன்றால், ‘இண்டெக்ஸ்.லாக்’ கோப்பு இருப்பதாகச் சொல்லி கிட் மறுக்கிறது. அதை அழித்துவிடலாமா?
— மாணவர், மதுரை

பதில்: வேறெந்த கிட் கட்டளையும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழிக்கலாம். எடிட்டரையும் மூடிவிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அதுதான் பின்னணியில் கிட்டை இயக்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் களஞ்சியம் பல ஜிபி அளவுக்குப் பெருத்துவிட்டது. பெரிய வீடியோ கோப்புகளை அழித்தும் அளவு குறையவில்லை. ஏன்?
— மென்பொருள் நிறுவன ஊழியர், யாழ்ப்பாணம்

பதில்: மேலே கடவுச்சொல்லுக்குச் சொன்ன அதே காரணம்தான்: அழித்த கோப்பு வரலாற்றில் இருக்கிறது, குளோன் செய்பவர் வரலாறு முழுவதையும் இறக்குகிறார். வீடியோ போன்றவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால், கிட் அவற்றின் இரு பதிப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் சேமிக்க முயன்றாலும் பயன் மிகக் குறைவு. ஒவ்வொரு திருத்தமும் ஏறக்குறைய ஒரு முழுப் பிரதியாகவே சேர்கிறது. நிரந்தரத் தீர்வு, இத்தகைய கோப்புகளை, பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் கிட் எல்எஃப்எஸ்ஸுக்கு மாற்றுவது. அதன் ‘மைக்ரேட்’ கட்டளை பழைய வரலாற்றையும் திருத்தி எழுதும் என்பதால், எல்லோரும் கையில் இருப்பதை புஷ் செய்து முடித்த ஒரு நாளைக் குறித்துக்கொண்டு செய்யுங்கள். அதுவரை, தானியங்கிச் சோதனைகள் ஓடும் சர்வர்களில் கடைசி கமிட்டை மட்டும் இறக்கும் ‘டெப்த் 1’ குளோனைப் பயன்படுத்தினாலே காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

கேள்வி: மின்தடைக்குப் பிறகு எங்கள் அலுவலக கிட் சர்வரில் ‘லூஸ் ஆப்ஜெக்ட்’ (கிட் தனிக் கோப்பாகச் சேமித்த தரவுத் துண்டு) சிதைந்திருப்பதாகப் பிழை வருகிறது. மணிக்கொருமுறை மிரர் (அப்படியே ஒரு பிரதி) எடுக்கும் இன்னொரு சர்வரும் இருக்கிறது. அதிலிருந்து அப்படியே மீட்டுவிடலாமா?
— சிஸ்டம் நிர்வாகி, திருச்சி

பதில்: முதலில் அந்த மணிக்கொருமுறை ஓடும் பணியை நிறுத்துங்கள். 2013 மார்ச்சில் கேடிஈ என்ற திறந்த மூல மென்பொருள் திட்டத்துக்கு நேர்ந்தது இதுதான். முதன்மை சர்வரின் ஃபைல் சிஸ்டம் சிதைந்தபோது, மிரர் சர்வர்கள் அந்தச் சிதைவையும் பின்பற்றிக்கொண்டன. சுமார் 1500 களஞ்சியங்கள் கையை விட்டுப் போகும் நிலையில், அந்தச் சிதைவு எட்டாமல் தப்பியிருந்த ஒரே ஒரு சர்வரின் பிரதியே அவற்றைக் காப்பாற்றியது. மிரர் என்பது மூலத்தின் இன்றைய நிலையை மட்டுமே காட்டும். நேற்றைய நல்ல நிலைக்குத் திரும்ப அதனால் இயலாது.

அடுத்து, சிதைந்த களஞ்சியத்தின் அடைவு முழுவதையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். குப்பை அகற்றும் ‘ஜிசி’ கட்டளையை இப்போது ஓட்டவே கூடாது. ‘கிட் எஃப்எஸ்சிகே’ கட்டளையை ‘ஃபுல்’ தெரிவோடு இட்டால், எந்த ஹாஷ் சிதைந்தது, எது காணவில்லை என்ற பட்டியல் கிடைக்கும். மின்தடையால் நேர்ந்த சிதைவில், பெரும்பாலும் கடைசி நேரத்தில் எழுதப்பட்ட சில ஆப்ஜெக்ட் கோப்புகள் பூஜ்ய பைட் அளவில் வெறுமையாக நிற்பதைக் காண்பீர்கள். அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, மிரரிலும் அதே சோதனையை ஓட்டி அது நலமாக இருப்பதை உறுதி செய்தபின், அதிலிருந்தோ கடைசியாக புஷ் செய்தவரின் கணினியிலிருந்தோ விடுபட்டவற்றைக் கொண்டுவாருங்கள். ஹாஷ் எண் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், எவர் கணினியிலிருந்து வந்தாலும் ஒரே ஹாஷ் கொண்ட ஆப்ஜெக்ட் ஒன்றேதான். கலப்படம் பற்றிய அச்சம் வேண்டியதில்லை.

இனி, மிரரோடு நில்லாமல், நாள்தோறும் ‘கிட் பண்டில்’ கட்டளையால் எல்லாப் பிராஞ்சுகளையும் டேக்குகளையும் தேதியிட்ட ஒரே கோப்பாக எடுத்து, பழையவற்றின் மேல் எழுதாமல் வேறிடத்தில் வையுங்கள். இஷ்யூக்களும் (பதிவு செய்த சிக்கல்கள்) மெர்ஜ் ரிக்வெஸ்ட் (இணைப்புக் கோரிக்கை) விவாதங்களும் அதில் அடங்கா. அவை தனி டேட்டாபேஸில் இருப்பவை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாக அழிந்தது அத்தகைய டேட்டாபேஸ்தான். களஞ்சியங்கள் தப்பின, ஆனால் சுமார் ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. பேக்கப் முறைகள் பல இருந்தும் அவை எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. எனவே மாதம் ஒருமுறையாவது, ஒரு பண்டில் கோப்பை வேறு கணினியில் குளோன் செய்து, உங்கள் மென்பொருளை அதிலிருந்து பில்ட் செய்து பாருங்கள்; டேட்டாபேஸ் பேக்கப்பையும் ஒரு சோதனை சர்வரில் ஏற்றிப் பாருங்கள்.